எல்லையில் உடைத்துப் பார்க்க முடியாத சரக்கு

குஞ்சு பொரிக்க அனுப்பும் முட்டையை எல்லைச் சாவடியில் வைத்துச் சோதிக்க வழி கிடையாது. ஆப்பிள் பெட்டி என்றால் நாலு பழத்தை வெட்டிப் பார்க்கலாம். மாடு என்றால் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அடைமுட்டையை உடைத்தால் சரக்கே போய்விட்டது. உடைக்காவிட்டால் ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விளக்குக்கு நேரே பிடித்தாலும், இன்னும் அடையில் ஏறாத முட்டையில் கரு கூடியிருக்கிறதா, கூமுட்டையாகப் போகுமா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. நோய்க்கிருமி இருக்கிறதா என்ற கேள்வி அதற்கெல்லாம் அப்புறம்.

அதனால் முட்டையை விட்டுவிட்டு, அதை இட்ட கோழியைச் சோதிக்கிறார்கள். ஏற்றுமதி நாட்டின் கால்நடை மருத்துவர் தாய்க்கோழிப் பண்ணையைப் பார்த்து ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறார். இறக்குமதி நாட்டின் அதிகாரி அந்தத் தாளை நம்பி முட்டையை உள்ளே விடுகிறார். இந்த வணிகத்தின் விதிகள், தடைகள், வழக்குகள் எல்லாமே அந்த நம்பிக்கையைச் சுற்றித்தான் நடக்கின்றன. ஒரு பண்ணையில் நோய் வந்தால் அந்தப் பண்ணையை மட்டும் ஒதுக்கினால் போதுமா, சுற்றிலும் 10 கிலோமீட்டரை ஒதுக்க வேண்டுமா, அல்லது அந்த நாட்டு முட்டையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டில் கோழிக்கறி கிடைப்பதும் கிடைக்காததும்கூட மாறும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடக்கும் அடைமுட்டைப் போக்குவரத்தில் இதையெல்லாம் தெளிவாகப் பார்க்கலாம். கனடாவில் கோழி, முட்டை, பால் ஆகியவற்றின் உற்பத்தி ஒதுக்கீட்டு முறையில் நடக்கிறது. இன்ன பண்ணை இவ்வளவுதான் உற்பத்தி செய்யலாம் என்று கணக்கு உண்டு. கறிக்கோழிக்கான அடைமுட்டையும் இந்த முறைக்குள் வந்தபோது, இறக்குமதிக்கும் ஓர் உச்சவரம்பு தேவைப்பட்டது. 1990-இல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கனடாவின் ஓராண்டு உற்பத்தி மதிப்பீட்டில் 21.1 சதவீதம் அளவுக்கு வெளியிலிருந்து வரலாம். அதில் 17.4 சதவீதம் முட்டையாக, 3.7 சதவீதம் ஒருநாள் குஞ்சாக. அதற்கு மேல் கொண்டுவந்தால் இருநூறு சதவீதத்தைத் தாண்டும் சுங்கவரி. கிட்டத்தட்ட வராதே என்று சொல்வதற்குச் சமம்.

ஆகக் கனடாவில் வளரும் கறிக்கோழிகளில் கணிசமான பங்கு அமெரிக்கப் பண்ணைகளில் இட்ட முட்டையிலிருந்து வருகிறது. இது அவசரத்துக்கு வாங்கும் சரக்கு இல்லை. ஹேட்சரிகள், அதாவது இயந்திரத்தில் குஞ்சு பொரிக்கும் நிலையங்கள், இந்த முட்டையை நம்பித்தான் வாரா வாரம் அடை வைக்கின்றன. ஒரு வாரம் லாரி வராவிட்டால் அது அந்த வாரமே கடையில் தெரியாது. முட்டை அடையில் 21 நாள், அப்புறம் குஞ்சு கறிக்கோழியாக வளர ஐந்தாறு வாரம். இன்று எல்லையில் நின்றுபோன முட்டையின் விளைவு ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து இறைச்சிக் கடையில் தெரியும். அந்த நேரத்தில் எல்லை திறந்தே இருக்கலாம். ஆனால் விட்டுப்போன வாரத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

சாப்பாட்டு முட்டைக்கும் அடைமுட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு முட்டையில் பொதுவாகக் கரு இருக்காது. அடைமுட்டையில், கோழி அதை இடும் நேரத்தில் உள்ளே கரு வளர ஆரம்பித்து ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். கோழியின் உடல் சூட்டில், முட்டை வெளியே வருவதற்கு முன்பே அது பல்லாயிரம் செல்களாகப் பெருகிவிடுகிறது. வெளியே வந்து சூடு குறைந்ததும் அந்த வளர்ச்சி நின்றுவிடும். ஏறக்குறைய 21 டிகிரிக்குக் கீழே போனால் கரு உறங்கும், 37.5 டிகிரிக்குக் கொண்டுபோனால் எழுந்து வளரும். ஹேட்சரிக்காரர்கள் முட்டையை 16 முதல் 18 டிகிரியில் வைப்பது இதனால்தான். ரொம்பக் குளிர்ந்தால் கரு செத்துவிடும். கொஞ்சம் சூடேறினால் அரைகுறையாக வளர ஆரம்பித்து, மறுபடி குளிர்ந்ததும் பலவீனப்பட்டுப் போகும்.

அந்த உறக்கத்துக்கும் கெடு உண்டு. முதல் ஒரு வாரம் பெரிய சேதமில்லை. அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பொரிப்பு விகிதம் குறைந்துகொண்டே வரும். பொரிக்கும் நேரமும் தள்ளிப்போகும். பத்து நாளான முட்டையையும் மூன்று நாளான முட்டையையும் ஒரே நேரத்தில் இயந்திரத்தில் ஏற்றினால், குஞ்சுகள் ஒன்றாக வெளியே வராது. முந்தி வந்தவை பிந்தி வருபவைக்காகத் தண்ணீர் இல்லாமல் காத்துக் கிடக்கும். கையெழுத்துக்காகவோ முத்திரைக்காகவோ சாவடியில் இரண்டு நாள் நின்றால், ஆப்பிளில் இரண்டு நாள் போவதைப் போல இது போகாது.

வண்டியின் குலுக்கல் அடுத்த பிரச்சினை. முட்டையின் அகன்ற முனையில் ஓட்டுக்கும் உட்சவ்வுக்கும் நடுவில் ஒரு காற்றறை இருக்கிறது. பொரியும் குஞ்சு முதல் மூச்சை அதிலிருந்துதான் எடுக்கும். அதனால்தான் அட்டையில் அடுக்கும்போது அகன்ற முனை மேலே, கூர்முனை கீழே. நீண்ட பயணத்தில் குலுங்கிக் குலுங்கி அந்தச் சவ்வு விட்டுப்போனால், விளக்கில் பார்க்கும்போது காற்றறை ஒரு பக்கமாகச் சரிந்து, சேணம் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். முட்டையைத் திருப்பினால் குமிழியும் கூடவே நகரும். அப்படிப்பட்ட முட்டையில் கொஞ்சம் பொரியும், நிறையப் பொரியாது. வந்து இறங்கிய முட்டையை உடனே அடையில் ஏற்றாமல், கூர்முனை கீழே இருக்கும்படி அசையாமல் அரை நாளோ ஒரு நாளோ வைத்திருப்பது இந்த நடுக்கம் அடங்கத்தான்.

சாவடியில் கதவு திறக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பார்ப்போம். வண்டிக்குள் 17 டிகிரி. வெளியே கோடைக்காலம், 30 டிகிரி, காற்றில் ஈரம். அதிகாரி பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து மூடுவதற்குள் ஓட்டின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துவிடும். ஹேட்சரிகளில் இதை முட்டை வியர்ப்பது என்பார்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. காய்ந்த ஓட்டின் மேல் இருக்கும் பாக்டீரியா பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். ஈரம் பட்டால் அந்தத் துளை வழியாக உள்ளே போக வழி கிடைக்கிறது. நோயைத் தடுக்கவென்று செய்யும் சோதனை, அவசரத்தில் கவனமில்லாமல் செய்தால், நல்ல முட்டையையும் கெடுத்துவிடும். சரக்கு வருவதற்கு முன்பே தாள்கள் போய்ச் சேர்ந்து, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்து, முத்திரை பிரியாமல் வண்டி கடந்துபோவதுதான் எல்லோருக்கும் நல்லது.

சரி, தாய்க்கோழியைச் சோதிக்கிறார்கள் என்றால் எதற்காகச் சோதிக்கிறார்கள்? எல்லா நோயும் முட்டை வழியாகப் போவதில்லை. தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே இறங்கிக் குஞ்சோடு பிறக்கும் நோய்கள் ஒரு வகை. புல்லோரம், கோழி டைபாய்டு என்ற இரண்டு சால்மோனெல்லா நோய்கள், மைக்கோபிளாஸ்மா, ரத்தப்புற்று வைரஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். புல்லோரம்தான் இந்தச் சான்றிதழ் முறைக்கே அடித்தளம் போட்டது. நோயிலிருந்து தப்பிய பெட்டை, பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், முட்டையும் இடும். அதன் சூலகத்தில் தங்கிய கிருமி முட்டைக்குள் இறங்கும். அந்த முட்டையில் பொரித்த குஞ்சு, பொரிப்பான் இயந்திரத்துக்குள்ளேயே பக்கத்துக் குஞ்சுகளுக்கு நோயைக் கொடுத்துவிடும். நாட்டுக்கோழி ஒரு கூடையில் பத்து முட்டையை அடைகாத்த காலத்தில் சேதம் அந்தக் கூடையோடு நின்றது. ஒரே இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் பொரிக்க ஆரம்பித்து, ஒருநாள் குஞ்சுகளைத் தபாலில் நாடெங்கும் அனுப்பத் தொடங்கியபோது, ஒரு பெட்டையின் நோய் பல மாநிலங்களுக்குப் போனது. அமெரிக்கத் தபால்துறை 1918 முதலே ஒருநாள் குஞ்சுகளை எடுத்துச் செல்கிறது.

இதைத் தடுக்க 1935-இல் வந்ததுதான் அமெரிக்காவின் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம். சேர்வது பண்ணையாளரின் விருப்பம். மத்திய அரசும் மாநிலங்களும் தொழில்துறையும் சேர்ந்து நடத்துகின்றன. அந்தச் சோதனை ரொம்ப எளிமையானது. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ஊதா நிறத் திரவம்; அது சாயமேற்றிய செத்த கிருமி. கோழியின் இறக்கை நரம்பில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதோடு கலந்து தட்டை மெல்லச் சுழற்றுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஊதாத் துகள்கள் திட்டுத் திட்டாகத் திரண்டால் கோழிக்குள் நோய் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோழி நம்பத்தக்கதல்ல. திரளாமல் மங்கலான ஊதாவாகவே இருந்தால் சுத்தம். கோழிக் கொட்டகையிலேயே நின்றுகொண்டு செய்யலாம். இப்படிப் பல்லாண்டு சோதித்துச் சோதித்தே அமெரிக்க வணிகப் பண்ணைகளிலிருந்து புல்லோரத்தை விரட்டினார்கள். கால்நடை மருத்துவ வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பலன் கிடைத்த வேலைகள் குறைவு என்பேன்.

இந்தத் திட்டத்தில் தேறிய மந்தை என்ற தகுதி இருந்தால்தான் அடைமுட்டை எல்லை தாண்டுவதைப் பற்றிப் பேசவே முடியும். அதற்கு மேல் கனடா உணவு ஆய்வு முகமையின் இறக்குமதி அனுமதி வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் எழுதி, அமெரிக்க வேளாண்துறை மேலொப்பம் போட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். முட்டை எந்த மந்தையிலிருந்து வந்தது, அந்தப் பண்ணை எங்கே இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் என்ன நோய் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும்.

பறவைக் காய்ச்சல் இந்த ஏற்பாட்டையே ஆட்டிப் பார்த்தது. புல்லோரம் ஒரு கோழிக்குள் ஒளிந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பொறுமையாகத் தேடிப் பிடிக்கலாம். கொடிய வகைப் பறவைக் காய்ச்சல் நுழைந்தால் சில நாளில் கொட்டகையே காலியாகிவிடும். நோய் கண்ட பெட்டை இட்ட முட்டைக்குள் வைரஸ் இருக்கக்கூடும். ஆனால் அந்த முட்டையில் கரு பெரும்பாலும் செத்துவிடுவதால் குஞ்சு வழியாகப் பரவுவது பெரிய பயமில்லை. பயமெல்லாம் ஓட்டில் ஒட்டிய எச்சம், முட்டை அட்டை, தள்ளுவண்டி, லாரிச் சக்கரம், ஓட்டுநரின் செருப்பு ஆகியவற்றைப் பற்றித்தான். ஏற்றுமதிக்குப் புது அட்டைதான் வேண்டும், இல்லையேல் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும், முட்டையைப் புகைமூட்டவோ மருந்து தெளிக்கவோ வேண்டும் என்று விதிகள் வலியுறுத்துவது இதற்காகத்தான். தாய்க்கோழி இன்று ஆரோக்கியமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் இனிப் போதாது. பக்கத்துப் பண்ணையின் நிலவரமும் அதில் வர வேண்டியதாயிற்று.

கனடாவின் மேற்கில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரேசர் பள்ளத்தாக்கு இதை ஒருமுறைக்கு மேல் கண்டது. அந்த மாநிலத்தின் கோழிப் பண்ணைகளில் பெரும்பகுதி அங்கே நெருக்கமாக இருக்கின்றன. அதன் தெற்கு ஓரம் அமெரிக்க எல்லை. ஆபட்ஸ்போர்டு நகரத்தைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலத்தின் வாட்கம் மாவட்டம். 2004 பிப்ரவரியில் எச்7என்3 வகைக் காய்ச்சல் முதலில் தென்பட்டது ஆபட்ஸ்போர்டில் ஒரு தாய்க்கோழிப் பண்ணையில், அதாவது அடைமுட்டைக்காகவே கோழி வளர்க்கும் இடத்தில். வயதான மந்தையில் தீனி குறைந்தது, முட்டை சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான். அங்கே மென்மையாக இருந்த வைரஸ் பக்கத்துக் கொட்டகையின் இளம் மந்தைக்குப் போனபோது கொடியதாக மாறியிருந்தது. அடங்குவதற்குள் பள்ளத்தாக்கில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று.

2014 டிசம்பரில் மறுபடியும். இந்த முறை எச்5என்2. முதலில் உறுதியான இரண்டு இடங்களில் ஒன்று ஆபட்ஸ்போர்டில் வான்கோழிப் பண்ணை, மற்றது சில்லிவாக்கில் தாய்க்கோழிப் பண்ணை. அதே மாதத்தில் எல்லைக்குத் தெற்கே வாட்கம் மாவட்டத்தில் செத்துக் கிடந்த ஊசிவால் வாத்தில் எச்5என்2 கிடைத்தது. வேட்டையாடிய காட்டு வாத்தைத் தின்ற வளர்ப்பு வல்லூறு ஒன்றில் எச்5என்8 கிடைத்தது. வைரஸைச் சுமந்து வந்தவை வலசைப் பறவைகள். அவற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் அது மினசோட்டா, அயோவா மாநிலங்களை அடித்து, அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பறவைகளைக் காவு வாங்கியது. 2022-இல் தொடங்கிய அடுத்த அலையில் 2025 தொடக்கத்திற்குள் 16 கோடியைத் தாண்டிவிட்டது.

இப்படி ஒவ்வொரு முறையும் முழு எல்லையையும் மூடியிருந்தால் கனடாவின் ஹேட்சரிகள் பல பருவங்கள் அரைகுறையாகத்தான் ஓடியிருக்கும். மூடவில்லை. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள்ளிருந்து மட்டும் முட்டையோ குஞ்சோ வரக்கூடாது, வெளியே உள்ளவை வரலாம் என்று ஒருவர் வரைந்த வட்டத்தை மற்றவர் ஏற்றுக்கொள்கிறார்கள். இது எழுதுவதற்கு எளிது. நடைமுறையில், அமெரிக்கா இன்று ஒரு வட்டம் போட்டால் நாளை சாவடிக்கு வரும் ஒவ்வொரு சான்றிதழிலும் உள்ள பண்ணை முகவரியை அந்த வட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே வழியில் இருக்கும் லாரி என்ன ஆவது என்று முடிவெடுக்க வேண்டும். அடைமுட்டையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் முட்டை ஏற்கெனவே போன வாரமே எல்லை தாண்டி இயந்திரத்துக்குள் இருக்கலாம்.

பிரேசிலில் 2025 மே மாதம் நடந்தது அந்தச் சிக்கலைக் கண்முன் காட்டியது. உலகிலேயே அதிகமாகக் கோழிக்கறி ஏற்றுமதி செய்யும் நாடு அது. அங்கே வணிகப் பண்ணையில் கொடிய பறவைக் காய்ச்சல் வந்தது அதுதான் முதல் தடவை. இடம், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் மான்டனேக்ரோ. சுமார் 17,000 பறவைகள் இருந்த தாய்க்கோழிப் பண்ணை. கோழிகளை அழிப்பதோடு வேலை முடியவில்லை. அந்தப் பண்ணை முட்டை எந்தெந்த ஹேட்சரிக்குப் போனது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மட்டும் சுமார் 450 டன் அடைமுட்டை அழிக்கப்பட்டது. பறவைகள் கொட்டகையை விட்டு ஓர் அடி நகரவில்லை; அவற்றின் முட்டை பல நூறு கிலோமீட்டர் போயிருந்தது.

அப்போது வெளிநாடுகள் நடந்துகொண்ட விதம் முக்கியமானது. ஜப்பான் தடையைக் குறிப்பிட்ட நகராட்சியோடு நிறுத்திக்கொண்டது. சீனா மொத்தப் பிரேசிலையும் நிறுத்தியது. ஒரே பண்ணை, ஒரே வைரஸ், ஒரே ஆய்வக அறிக்கை. கிருமிநீக்கம் முடிந்து 28 நாள் புது நோய் எதுவும் இல்லாததால் ஜூன் 18-ஆம் தேதி பிரேசில் தன்னை நோயற்ற நாடாக அறிவித்தது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிப்படி அந்த 28 நாள் போதும். முன்பு அது மூன்று மாதமாக இருந்தது. ஆனாலும் சீனா தடையை நீக்க நவம்பர் வரை ஆனது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்; எவ்வளவு தூரத்தை, எவ்வளவு சீக்கிரம் நம்புவது என்பது அந்தந்த நாட்டின் மனதைப் பொறுத்திருக்கிறது.

இந்தியா இந்த விஷயத்தில் ஒரு வழக்கையே நடத்தித் தோற்றது. 2007 முதல், பறவைக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து கோழிப் பொருட்களுக்குத் தடை போட்டுவந்தது. 2011 ஜூலையில் வெளியான அறிவிக்கையின் பட்டியலில் உயிர்ப்பறவை, ஒருநாள் குஞ்சு, அடைமுட்டை, சாப்பாட்டு முட்டை, இறைச்சி, இறகு எல்லாம் இருந்தன. உயிருள்ள பன்றியும் இருந்தது. நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் நோய் வந்தாலும் மொத்த நாட்டுக்கும் தடை. அமெரிக்கா 2012 மார்ச்சில் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2014 அக்டோபரில் நடுவர் குழுவும், 2015 ஜூனில் மேல்முறையீட்டு அமைப்பும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னன.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்ட இடம் ஒன்று உண்டு. இந்தியாவுக்குள் ஏதோ ஒரு ஊரில் பறவைக் காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சுற்றிலும் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு, அதற்குள் போக்குவரத்துத் தடை. கேரளாவில் நோய் என்றால் பஞ்சாப் கோழிப் பண்ணையை யாரும் மூடச் சொல்வதில்லை. வெளிநாட்டுக்கு மட்டும், அலாஸ்காவில் நோய் என்றாலும் அலபாமா முட்டை வேண்டாம் என்கிறோம். உள்ளே ஒரு அளவுகோல், வெளியே ஒரு அளவுகோல். பறவைக் காய்ச்சலுக்கு அஞ்சுவதில் தவறே இல்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு ஏற்ற ஆபத்து மதிப்பீட்டை இந்தியா தயாரித்துக் காட்டவில்லை. அதற்குப் பிறகு விதியைத் திருத்தியும் சச்சரவு ஓயவில்லை. அமெரிக்கா ஆண்டுக்கு 45 கோடி டாலர் மதிப்புக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அனுமதி கேட்டது. கடைசியில் 2023 செப்டம்பரில், வேறு சில பொருட்களுக்கு இந்தியா வரியைக் குறைக்க, பேசித் தீர்த்தார்கள்.

இந்த வழக்கில் பலரும் பேசியது இறக்குமதியாகும் கோழிக்கால் பற்றி. ஆனால் இந்தியக் கோழித் தொழிலின் உயிர்நாடி அந்தப் பட்டியலின் வேறு வரிகளில் இருந்தது. நாம் சாப்பிடும் கறிக்கோழிக்குத் தாய் உண்டு. அந்தத் தாய்க்குப் பாட்டி உண்டு. பாட்டிக்கோழி என்று சொல்லும் அந்தத் தலைமுறையை, ஒருநாள் குஞ்சாகவோ அடைமுட்டையாகவோ வெளிநாட்டிலிருந்துதான் பல நாடுகள் வாங்குகின்றன. உலகின் கறிக்கோழி வம்சத்தில் பெரும்பகுதி கோப், ஏவியாஜென் என்ற இரண்டே நிறுவனக் குழுமங்களின் கையில் இருக்கிறது. ஒரு பாட்டிக்கோழி வழியாகப் பல தாய்க்கோழிகள், ஒவ்வொரு தாய்க்கோழி வழியாகவும் நூற்று நாற்பதுக்கு மேல் கறிக்கோழிகள். மேலே ஒரு பெட்டி முட்டை தடைபட்டால் கீழே அது எத்தனை லட்சமாகப் பெருகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த நிறுவனங்கள் ஒரே நாட்டில் வம்சத்தை வைத்துக்கொள்ளாமல் பல நாடுகளில் பிரித்து வைத்திருப்பது இந்தத் தடைகளுக்குப் பயந்துதான்.

அவர்களே முன்னெடுத்த இன்னொரு வழி, நிலப்பரப்பையே விட்டுவிடுவது. சுற்று வட்டாரத்தில் நோய் இருந்தாலும், இந்தக் கொட்டகைகளும் இவற்றோடு சேர்ந்த தீவன ஆலையும் ஹேட்சரியும் ஒரே கட்டுப்பாட்டில், தனி வேலி, தனி வண்டி, குளித்துத்தான் உள்ளே போகும் ஆட்கள் என்று தனித்து இயங்குகின்றன, இவற்றை மட்டும் தனி அலகாக நம்புங்கள் என்று கேட்பது. இதைக் கம்பார்ட்மென்ட் என்கிறார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பும் ஒத்துக்கொண்ட முறை. 2023-இல் இந்தியாவும் இந்த வழியில் இறங்கியது. மகாராஷ்டிரம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய நான்கு மாநிலங்களில் 26 கோழிக் கம்பார்ட்மென்ட்கள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்று இந்தியா அளித்த அறிவிப்பை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. மற்றவன் நாட்டை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிய அதே இந்தியா, தன் பண்ணைகளைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் நிலைக்கு வந்தது. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஏற்றுமதி செய்யத் தொடங்கிய நாடுதான் நம்பிக்கையின் அருமையை உணரும்.

ஆனால் கம்பார்ட்மென்ட் என்பது பணக்காரப் பண்ணையின் தீர்வு. எனக்குக் கவலை, இரண்டு டஜன் முட்டையை அனுப்ப நினைக்கும் சின்ன வளர்ப்பாளரைப் பற்றி. பழைய இனங்களை, கறிக்கும் முட்டைக்கும் இயந்திரத்தனமாகத் தேர்ந்தெடுக்காத இனங்களை இன்றும் காப்பாற்றிவருவது அவர்கள்தான். அவர்களிடம் இருப்பது இருபது, முப்பது கோழி. ரத்தம் கலக்காமல் போனால் சில தலைமுறையில் பொரிப்பே குறைந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே இனத்தை வைத்திருப்பவரிடமிருந்து ஒரு பெட்டி முட்டை வாங்கினால் வம்சம் பிழைக்கும். சான்றிதழ், மேலொப்பம், அனுமதி, சுங்க முகவர் என்று ஆகும் செலவு லாரி நிறைய முட்டைக்கும் இரண்டு டஜனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வரும். லாரிக்காரருக்கு அது முட்டைக்குச் சில காசு. இவருக்கு முட்டை விலையைவிடப் பல மடங்கு.

அந்தக் கட்டத்தில் சிலர் முட்டையைத் துணிப்பைக்குள் சுருட்டிக் காரில் எடுத்துவந்துவிடுகிறார்கள். அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. 1971-இல் கலிபோர்னியாவுக்கு, இறக்குமதியான கிளிகளோடு வந்த கொடிய ராணிக்கெட் நோய், வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஊரில் சொல்வோமே அதே நோய், சுமார் 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழிக்க வைத்தது. 2018-இல் அது மறுபடி தெற்குக் கலிபோர்னியாவில் வந்தபோது பரவியது பெரும்பாலும் வீட்டுக் கொல்லைக் கோழிகளில்தான். அடங்க 2020 ஆனது, 12 லட்சம் பறவைகள் போயின. அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து அடைமுட்டை அமெரிக்காவுக்குள் வர வேண்டும் என்றால், வந்து இறங்கியது முதல் பொரியும் வரையும், பொரித்த பிறகு குறைந்தது 30 நாளும் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும். முட்டையைச் சோதிக்க முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் சட்டத்தில் இல்லை: பொரிக்கட்டும், குஞ்சு பிழைக்கிறதா பார்ப்போம் என்று அது காத்திருக்கிறது. பையில் சுருட்டிக் கொண்டுவருபவர் அந்தக் காத்திருப்பைத் தன் ஊர்க் கோழிகள் தலையில் வைக்கிறார்.

இந்தச் சிக்கலுக்குப் பாதி வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவுக்குள், தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒரு சின்னப் பண்ணை ஆண்டுக்கு ஒருமுறை சோதனையை முடித்துக்கொண்டால், ஒரு படிவத்தை நிரப்பிப் பெட்டியில் வைத்து வேறு மாநிலத்துக்கு அடைமுட்டையைத் தபாலில் அனுப்பலாம். சில மாநிலங்கள் கூடுதலாக ஏதாவது கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாக மருத்துவரைத் தேட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. நம்பிக்கை மந்தையோடு ஒட்டியிருக்கிறது, பெட்டியோடு இல்லை. வாட்கம் மாவட்டத்தில் அப்படித் தேறிய ஒரு கொல்லைப் பண்ணை, மலைத்தொடரையும் பாலைவனத்தையும் தாண்டித் தன் முட்டையை அனுப்பிவிட முடிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபட்ஸ்போர்டுக்கு அனுப்ப அந்தத் தகுதி மட்டும் போதவில்லை.

10 கிலோமீட்டர் வட்டத்தை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் இரண்டு நாடுகள், ஆண்டுச் சோதனையில் தேறி வட்டத்துக்கு வெளியே இருக்கும் சின்ன மந்தைக்கு, எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, ஆண்டுக்கு ஒரே அனுமதி கொடுக்க முடியும். வட்டம் விழுந்த அன்றே அது தானாக ரத்தாகும்படி எழுதலாம். சான்றிதழ்கள் மின்னணு முறைக்கு வந்துவிட்ட காலத்தில் அது பெரிய வேலையில்லை. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய கம்பார்ட்மென்டைக் கேட்டு வாங்கிக்கொண்டன. சின்ன வளர்ப்பாளர்களுக்காக அப்படிக் கேட்க ஓர் அமைப்பு இரண்டு நாட்டிலும் முன்வர வேண்டும்.